மஞ்சள் வைத்த ஜாக்கெட்

நாள் 41. 09:05. வெளியே −24°. காற்று 40 கி.மீ.

மன்னிக்கவும். இந்த மணிக்கட்டுக் கருவியில் எண்களை மட்டும் பதியச் சொல்லியிருக்கிறார்கள். தையலைப் பற்றி எண்ணில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் நாலு வார்த்தை.

நான் பூங்கோதை, துணிப் பரிசோதகர். இந்தக் கோளில் காற்றைச் சுவாசிக்கலாம், குளிர்தான் கொல்லும். நிலையத்தில் நானும் பொறுப்பாளர் ரத்தினசபாபதி சாரும் மட்டும். நீரும் காற்றும் புகாத மலிவு விலை மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இன்று ஆறு மணி நேரம் வெளியே நிற்க வேண்டும். தேறினால், சுரங்க வேலைக்கு வரும் முந்நூறு பேருக்கும் இதுதான்.

புதுத் துணி என்பதால் முதல் நாளே காலரின் உட்புறம் மஞ்சள் வைத்தேன். சார் பார்த்துச் சிரித்தார். இன்று அவரே ஜாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

10:20. −27°. காற்று 55.

ஈரப்பனி. இந்தக் கோளின் நீரில் உப்பு அதிகம், −30° வரை உறையாது. துணிமேல் நீர் உருண்டு விழுகிறது. தொப்பி அசையவில்லை. விலைக்கு நல்ல துணி. இடது அக்குளில் மட்டும் ஈரம். நேற்றுவரை அங்கே ஈரம் வந்ததில்லை.

11:15. −29°. காற்று 65.

தோளும் கசிகிறது. உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். நீர் புகாமல் தையல்மேல் ஒட்டும் டேப் இல்லை. என் ஜாக்கெட்டில் உண்டு. அம்மா திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். தையலில் என் விரல் ஏமாறாது. காலரைத் திருப்பினேன். மஞ்சள் இல்லை. கருவியிலேயே சாரைக் கூப்பிட்டேன்.

"சார், ஜாக்கெட் மாறிப்போச்சுங்க."

"மாறலம்மா, மாத்துனேன். உன்னோடது காட்டுறதுக்குத் தைச்ச சாம்பிள். நீ போட்டிருக்கிறதுதான் வரப்போற சரக்கு."

"டேப்பே இல்லீங்க சார்."

"இல்லாம எத்தனை மணி நேரம் தாங்குதுன்னு மேல கேக்குறாங்க. படிச்ச புள்ள, இதுகூடப் புரியலையா?"

சரிங்க சார் என்றேன்.

12:40. −33°. காற்று 80.

உள்ளே போன ஈரம் உறைந்துவிட்டது. கையை மடக்கினால் நொறுங்கும் சத்தம். கதவு உள்ளிருந்துதான் திறக்கும். சன்னலில் சார் தெரிகிறார். ஹீட்டர் பக்கத்தில் டீ குடிக்கிறார். என் ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறார். காலர் மடங்கி, மஞ்சள் தெரிகிறது.

13:35. −34°.

"சார், கை இருக்கிறதே தெரியலீங்க."

"இன்னும் ஒன்றரை மணி நேரந்தானம்மா. பாதியில வந்தா முதல்ல இருந்து நிக்கணும். மஞ்சள் வெச்சியே, சாமி காப்பாத்தாதா?"

"அது உங்ககிட்ட இருக்குங்க சார்."

சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

14:10.

பொத்தான் அழுத்த வரவில்லை. சொல்லச் சொல்லக் கருவி பதிகிறது. நடுக்கம் நின்றுவிட்டது. அது நல்லதல்ல என்று படித்திருக்கிறேன். கதவைத் தட்டினேன், மெதுவாக. அடுத்தவர் கதவை அப்படித்தான் தட்டிப் பழக்கம். சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

14:45.

முடிவு. தேறவில்லை. அந்த முந்நூறு பேருக்குக் கொடுக்காதீர்கள்.

இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இதைக் கண்டெடுப்பவரிடம் ஒன்று கேட்கிறேன். மஞ்சள் வைத்தது என்னுடையது. சாரிடமிருந்து கழற்றுங்கள். என்மேல் இருப்பதை அவருக்குப் போட்டு வெளியே நிறுத்துங்கள். கதவை உள்ளிருந்து சாத்துங்கள். ஆறு மணி நேரம். அவர் பேசுவார். வார்த்தை வேண்டாம். எண்களை மட்டும்