பாவாடையோடு நீந்தியவள்

சேசு மரி சூசை துணை
நாகர்கோவில், 4.2.2025

அன்புள்ள வேளாங்கண்ணிக்கு,

காலமான உன் அண்ணனின் படத்தைப் பள்ளி நீச்சல்குளத்தில் மாட்ட நான் சம்மதிக்கவில்லை என்று முட்டத்தில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. படம் கொடுத்தாயிற்று. அதன் கீழே, ‘இரு காலையும் சேர்த்து அடிக்கும் உதையை நம் கரைக்குத் தந்தவர் ஞானதாசன்’ என்று பலகை எழுதியிருந்தார்கள். அதைத்தான் அழிக்கச் சொன்னேன்.

பாவாடை காலைச் சுற்றியதால் இரண்டு காலையும் ஒன்றாக அடித்து நீந்தியவள் நீ. அதைப் பார்த்துப் பழகித்தான் அவர் திருவனந்தபுரத்தில் நீச்சல் கோப்பை வாங்கினார். ஊர்ப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். மனைவியான என்னிடம் அவரே சொன்னது இது. பலகையில் உன் பெயர் வர வேண்டும். குளத்துக்கு நிலம் கொடுத்தவள் நான், மறுக்க மாட்டார்கள். உன் சம்மதத்தை எழுது.

அன்புடன்,
மைனி செலின்

முட்டம், 11.2.2025

மைனிக்கு,

முட்டு வலி கொறஞ்சுதா? எழுத்து தப்பா இருந்தா டீச்சரு மாதிரி செவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்பிராதீங்க.

பேரு எனக்கு வேண்டாம். எம் மோளு ஜின்சி சின்னதுல, “மாமா, எனக்கும் சொல்லித் தாங்க”ன்னு அண்ணன் பின்னாலயே நடந்தா. “பொம்பளப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்குட்டி?”ன்னு சிரிச்சாரு. சுனாமி அண்ணைக்கு அடுத்த வீட்டுப் பையன் அண்ணன் படிப்பிச்ச உதையில நீந்திக் கரையேறினான். எம் மோளு ஏறல. அதுக்கப்பொறம் நான் உங்க வாசல் ஏறாதது இதுக்குத்தான். அந்தப் பலகைய எந்தக் கண்ணால பாக்க மைனி?

வேளாங்கண்ணி

சேசு மரி சூசை துணை
நாகர்கோவில், 15.2.2025

அன்புள்ள வேளாங்கண்ணிக்கு,

எழுத்துப்பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை.

பள்ளிக்குப் போய்ப் படத்தைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். பலகை கிடையாது. அவர் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை. நிர்வாகி குமாரதாஸ், “திறப்புக்கு நாள் குறிச்சாச்சேம்மா!” என்று பதறினார். “திறங்கள். முதலில் பெண்பிள்ளைகள் இறங்கட்டும்” என்றேன். “வீட்ல விடமாட்டாவம்மா. கரையில ஒரு பொம்பள நின்னா விடுவாவ” என்றார்.

அந்தப் பெண் நீயாக இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்க வேண்டாம். நின்று சொல்லிக்கொடு, போதும். மனம் வரவில்லையென்றால் அதையும் எழுது. மறுபடி கேட்க மாட்டேன். யாரிடமும் சொல்லி அனுப்பாதே. பதிலை உன் கையால் எழுது.

அன்புடன்,
செலின்