கயிறு கட்டிய நாற்காலி

இன்று காலை உன் நாற்காலியைத் திறந்து வைத்தார்கள். நாற்காலியை எப்படித் திறப்பது என்று நீ கேட்பாய். அதன்மேல் பட்டுத் துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள். தலைவர் வந்து துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினோம். துணிக்கு அடியில் நாற்காலி இருந்தது. புதிதாக அடித்த வார்னிஷ் வாசனை கூடம் முழுக்கப் பரவியிருந்தது. கூட்டம் கலைந்த பிறகு அதன் கைப்பிடியை ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் அந்த வாசனை போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதுகுப் பலகையில் உன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஆணி அடித்தால் மாளிகையின் மரச்சாமானைச் சேதப்படுத்தியதாகிவிடும் என்பதால் அதை நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். யாரும் மறந்துபோய் உட்கார்ந்துவிடாமல் இருக்க, ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குச் சிவப்புக் கயிறு. 'இந்நூலகத்தை நேசித்த வாசகரின் நினைவாக' என்று தகட்டில் இருக்கிறது. நூலகம் உன்னை நேசித்ததா என்பதை எழுதத் தகட்டில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அந்த மாளிகையை நீ 'கொள்ளு பங்களா' என்றுதான் சொல்வாய். பட்டாளத்துக் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் கொடுத்துச் சம்பாதித்த ஒருவர் கண்டோன்மெண்டில் கட்டிய வீடு. குதிரைகள் குறைந்து மோட்டார்கள் வந்ததும் அவருக்குப் பொதுநலத்தில் நாட்டம் ஏற்பட்டது. கீழே நூலகம், மேலே சித்திரக் கூடம் என்று எழுதி வைத்துவிட்டுக் காலமானார். மேலே போனால் அவரைத்தான் பார்க்கலாம். குதிரையோடு நிற்கிறார், குதிரை இல்லாமல் நிற்கிறார், செத்த புலியின்மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். புலியைச் சுட்டது யார் என்று எந்தப் படத்திலும் குறிப்பு இல்லை. சனிக்கிழமைகளில் அங்கே ஓவிய வகுப்பு நடக்கும். மேசைமேல் பழம் வைத்து அதைப் பார்த்து வரைய வேண்டும். உலகச் சண்டை வந்து அரிசிக்கு ரேஷன் போட்ட பிறகு, மாணவர்கள் பெரும்பாலும் வாழைப்பழத் தோலைத்தான் வரைந்தார்கள்.

தாம் இருந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. உள்ளே இருக்கும் எந்தச் சாமானும் இடம் மாறக் கூடாது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது. புத்தகம் வாசற்படியைத் தாண்டக் கூடாது. நாற்காலிகளில் அவருடைய விருந்தாளிகள் மட்டும் உட்காரலாம். அவர் போன பிறகு, விருந்தாளி யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பு மாளிகையை நடத்தும் கமிட்டிக்கு வந்தது. கமிட்டி முதலில் தன்னைத்தானே அழைத்துக்கொண்டது. வாசகர்கள் நின்றார்கள். தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களை, இது மாளிகை, சத்திரம் இல்லை என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். நாளாக ஆக நிற்பதே பழகி, அதுவே ஒரு கௌரவமாகவும் ஆயிற்று. எங்கள் நூலகத்தில் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை என்று வெளியூர்க்காரர்களிடம் நாமே பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். உனக்கும் நினைவிருக்கும்.

உனக்கு ஆரம்பத்தில் அது கஷ்டமாகவே இல்லை. தந்தி ஆபீசில் பகல் முழுவதும் உட்கார்ந்து கட்டையைத் தட்டுகிறவன், மாலையில் நிற்பதை ஓய்வாகத்தான் நினைத்தாய். மற்றவர்கள் வீட்டுச் சாவைச் சுருக்கி அனுப்புவதே உன் உத்தியோகம். அப்பா கவலைக்கிடம், உடனே வா. அம்மா காலமானாள், வர வேண்டாம். அதனால்தானோ என்னவோ, அந்த அலமாரிகளில் இருந்ததிலேயே நீளமான நாவலை நீ தேர்ந்தெடுத்தாய். பாகம் பாகமாக நீளும் ஆங்கிலப் புத்தகம். ஜன்னல் விளிம்பில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று செய்தித்தாள் படிக்கும் என் காதில் ஓதுவாய்.

"ஒருத்தன் கதவத் தொறக்கறதுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கான்யா. ரெண்டு பக்கம் குடுத்தா நான் ஒரு ஊரையே சாகடிச்சிடுவேன்."

கதை எளிமையானதுதான். ஒரு துறைமுக ஊர். ஒரு தாய். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறிப் போன மகன். அவன் திரும்பி வருவானா மாட்டானா என்பதை ஆசிரியர் பாகம் பாகமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். நீ பாதியில் இருந்தபோதுதான் உன் மகன் அந்தோணி பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போனான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அதற்குப் பின் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. 'காணவில்லை' என்று ஒரு தந்தி மட்டும் வந்தது. அன்று கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நீதான். அது பேசப் பேச நீயே எழுதி எடுத்து, நீயே உறையில் போட்டு, உன் வீட்டுக்கு நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். உன் மனைவி ஜெபமாலை அதை வாங்கிக்கொண்டு, உன்னைப் பார்த்து, "தந்திக்காரர் எங்க?" என்று கேட்டாளாம். இதை ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாய். பிறகு அவன் பெயரை எடுக்கவில்லை. நாவலை மட்டும் விடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் உன் கால்கள் வீங்கின. இருதயம் களைத்துவிட்டது, நிற்கவே கூடாது என்றார் டாக்டர். மறுநாள் மடக்கு முக்காலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீ வந்தாய். காவல் பார்க்கும் டபேதார் முனியப்பா வாசலிலேயே மறித்தார்.

"பேடா ஸ்வாமி, வேணாம். வெளிச் சாமான் உள்ள வரக்கூடாது."

"இது சாமான் இல்ல முனியப்பா. என் காலு."

"காலுன்னா மூணு இருக்குதே ஸ்வாமி."

நீ சிரித்துவிட்டாய். முக்காலியை அவரிடமே கொடுத்தாய். அவர் அதை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நீ உள்ளே போய் நின்றாய். ஒரு பக்கம் முடிப்பதற்குள் இரண்டு முறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாய்.

கமிட்டியிடம் நேரிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்று உன்னை அழைத்துப் போனது நான்தான். அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், நாற்காலிகளில். நாம் நின்றோம். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. விசாரிக்காமல் எதையும் தள்ளுபடி செய்யாதவர்.

"கால் வீக்கம் எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா சார்."

"இங்க படிக்கிறது?"

"அது ரொம்ப வருஷமா."

"அப்போ வீங்கறதுக்கு முந்தியும் நின்னுதானே படிச்சீங்க. நிக்கறதால வீங்கினதுன்னு சொல்ல முடியாதே."

இன்னொருவர் கவலையோடு சொன்னார். "உங்களுக்குக் குடுத்தா, நாளைக்கு நல்ல காலு இருக்கறவங்களும் கேப்பாங்க."

"அவங்களும் உக்காரலாமே சார்," என்றாய் நீ.

பூசை நடுவில் யாரோ தும்மியது போல எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். வாசகரை விருந்தாளியாகக் கொள்ளலாமா என்று வக்கீலின் அபிப்பிராயம் கேட்டு எழுதுவதாகச் சொன்னார். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "அந்தப் புலியா இருந்திருந்தா படுத்தே இருந்திருக்கலாம்யா."

அதற்குப் பிறகு நீ அந்த வாசலுக்கு வரவில்லை. படிகளே உன்னால் ஏற முடியாமல் போயிற்று. கடைசிப் பாகம் முழுவதும் பாக்கி இருந்தது. புத்தகம் வாசற்படி தாண்டாது என்பதால், கதையை நான் தாண்ட வைத்தேன். ஆபீஸ் விட்டதும் கொள்ளு பங்களாவுக்குப் போய் உன் ஜன்னலில் நின்று ஓர் அத்தியாயம் படிப்பேன். பிறகு அல்சூர் ஏரிக்கரையோடு நடந்து உன் சந்துக்கு வந்து, தலையணைகளில் சாய்ந்திருக்கும் உனக்கு அதைச் சொல்வேன். உன்னைப் போல் கடுமையான வாசகனை நான் பார்த்ததில்லை.

"யோவ், இந்த எடத்துல மழை பெஞ்சுதா, நீ பெய்ய வச்சியா?"

"புக்குல தூறல்னு இருக்கு."

"நெனச்சேன். உனக்கு எதையுமே அளவா செய்ய வராது."

உள்ளே ஜெபமாலை அடுப்பு ஊதும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கதையில் அந்தத் தாய் மகனுக்காக ஜன்னலில் விளக்கு வைக்கும் இடம் வந்தால் மட்டும் அது நின்றுவிடும். நான் சொல்லி முடித்ததும் நீ ஒன்றே ஒன்று கேட்பாய்.

"பையன்?"

"இன்னும் வரல."

"சரி. நாளைக்குப் பாப்போம்."

கடைசி அத்தியாயத்தைப் படித்த அன்று நான் மாளிகையிலேயே வெகுநேரம் நின்றிருந்தேன். இத்தனை பாகம் எழுதிய அந்த மனிதர், முடிவை ஒரு தந்தியைப் போல எழுதியிருந்தார். தாய் சாகிறாள். வீட்டை வாங்கியவர்கள் ஜன்னலிலிருந்து விளக்கை எடுத்துவிடுகிறார்கள். மகன் வரவில்லை. செத்தான் என்றுகூட இல்லை. அவ்வளவுதான். பாகத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன், உன்னிடம் பொய் சொல்வதென்று. கப்பல், பனி, கதவு தட்டும் சத்தம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினேன். உன்னிடம் பொய் சொல்வது சுலபமில்லை. ஒரு வார்த்தை கூடினாலும் உன் காதில் பட்டுவிடும். அதனால் மழையை அறவே எடுத்துவிட்டேன்.

சந்து முனை திரும்பியதும் நாற்காலிகளைப் பார்த்தேன். உன் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கமிட்டியின் சார்பில் முனியப்பா வந்தார். மாலை கொண்டுவரவில்லை. உன் முக்காலியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

வக்கீலின் அபிப்பிராயம் அதன் பிறகு வந்தது. வாசகர் விருந்தாளி ஆகமாட்டார். உன் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், சண்டை முடிந்த பின் வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி படங்களைப் பார்க்க வந்தாள். நாற்காலிகளில் ஏன் யாரும் உட்காரவில்லை என்று கேட்டாள். முனியப்பா தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே கமிட்டியும் துடைத்துக்கொண்டது. அதன் விளைவுதான் இன்றைய விழா.

ஜெபமாலையை விருந்தாளி என்றே அழைத்திருந்தார்கள். அவளுக்கு உட்கார நாற்காலி போட்டார்கள், உன்னுடையதை அல்ல, பக்கத்தில் இருந்ததை. "பரவால்ல சார், நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, பின்னால் வாசகர்களோடு நின்றிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள். இளைத்துவிட்டாள். ஜப்பான்காரன் சிறையிலிருந்து பட்டாளத்துக்காரர்கள் ரயிலில் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்குப் போய்ப் போய் நிற்கிறாளாம். தலைவர் புத்தகங்களின் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைத் திருப்பாமல் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அந்தக் கதையில, அந்தப் பையன் திரும்பி வந்தானா?"

உனக்காக அடுக்கி வைத்திருந்தது அப்படியே இருந்தது.

"வந்தான்மா."

"அம்மா இருந்தாங்களா அப்போ?"

"இருந்தாங்க."

தலைவர் துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சத்தம் அடங்கியதும் அவள் கேட்டாள்.

"வந்ததும் என்னாண்ணே சாப்ட்டான்?"

கப்பல், பனி, கதவு எல்லாம் யோசித்திருந்தேன். இதை யோசிக்கவில்லை. "கஞ்சி," என்று சொல்லிவிட்டேன். இங்கிலீஷ் துறைமுகத்தில் கஞ்சி! நீ கேட்டிருந்தால் என்னை விட்டிருக்க மாட்டாய்.

அவள் தலையை ஆட்டினாள். "அதான் சரி. எலும்பும் தோலுமா வந்திருப்பான். எடுத்த எடுப்பிலே சோறு போட்டா ஒடம்பு ஏத்துக்காது." பிறகு கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாங்கண்ணே. அந்த எடத்த முழுசா சொல்லுங்க. அவரு கேக்காம போய்ட்டாரு, நானாவது கேக்கறேன்," என்றாள்.

ஆக, எந்த அலமாரியிலும் இல்லாத ஓர் அத்தியாயத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் இன்னும் கேட்பாள். தாடி வளர்ந்திருந்ததா, அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்ததா, எந்த அறையில் படுத்தான், எவ்வளவு நேரம் தூங்கினான் என்றெல்லாம் கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் தயாரிக்க வேண்டும். அளவாக, மழை இல்லாமல்.

அந்தோணி நீ இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தால், இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்குக் கதை சொல்ல வேண்டும்.