என் கடனே பாடம்

லீட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு லோவென்னா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அதோடு கூரை வேலைக்கு ஏறாதீர்கள். நான் நலம்.

"டீச்சராக இவ்வளவு கடனா? உன் தம்பி ஜேகோ மாதிரி பிளம்பராயிருக்கலாம்ல!" என்றீர்களே, செவ்வாயன்று என் படிப்புக் கடனையே வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். என் சம்பளத்தில் பிடிப்பதைவிட ஏறும் வட்டி அதிகம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

"மிஸ், நல்லா ஏமாந்துட்டீங்க!" என்றான் கீரன். நானும் சிரித்துவிட்டேன்.

இதுவரை பேனாவே தொடாத ஷெல்பி மட்டும் மணியடித்தும் போகவில்லை. "மிஸ், இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க. எங்கம்மா கடனையும் போட்டுப் பாக்கணும்."

பிளம்பர் வேலையைத் தம்பியே பார்க்கட்டும்.

டீ போடச் சின்னக் கெட்டில் ஒன்று அனுப்புங்கள். இங்கிருப்பது என் ஒருத்திக்குப் பெரிது.

வகுப்பறை வாசலில் ஷெல்பி, அம்மாவின் கடன் தாள்களோடு நிற்கிறாள். முடிக்கிறேன்.

லோவென்னா