மாப்பிள்ளையும் இத்தாலிய சிவப்பு பாட்டில்களும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தலைவலி. இத்தாலிக்காரர்களுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. ஒரு பாட்டிலில் கொட்டை எழுத்தில் இருப்பது திராட்சையின் பெயர். அடுத்ததில் அதே கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். மூன்றாவதில் தோட்டத்துச் சொந்தக்காரரின் குடும்பப் பெயர். நான்காவதில் அவர் ஆசைப்பட்டு வைத்த ஏதோ ஒரு பெயர். எது எது என்று யார் சொல்வது? பார்பேரா என்றால் திராட்சை. பரோலோ என்றால் ஊர். அந்த ஊரில் என்ன திராட்சை என்று பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், போடவில்லை. தெரிந்தவன் வாங்கினால் போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் ஆபீஸை ஒரேயடியாக இழுத்து மூடியபின் மாமனாரின் ரெஸ்டாரன்டுக்கு வேலைக்கு வந்தேன். ஒயினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போன மாதம் வேலையை விட்டதும், "நான் பாத்துக்கறேன் மாமா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

ஜன்னலோர மேசையில் ஒருவர் கியாந்தி ஒயின் கேட்டார். ரிசெர்வா வேண்டும் என்றார். நான் கிளாசிக்கோ என்று போட்டிருந்ததைத் திறந்துவிட்டேன். கிளாசிக் என்றால் பழையது, பழையது என்றால் ஊறியது — இதுதானே எவனும் நினைப்பான்? அவர் முகம் சுளித்தார்.

மாமா வந்தார். பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்ல மாப்பிள்ளை, நீங்க போய் உக்காருங்க." அப்படியே நேராகச் சமையலறைக்குள் போய் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். "எழுதியிருக்கறதைப் படிக்காம வேலை பாக்கறதுன்னா கண்ணு எதுக்கய்யா?" பாவம் மாஸ்டர், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெங்காயத்தில் படிக்க என்ன இருக்கிறது?

மாமா போனதும் மாஸ்டர் என்னிடம், "இது உங்களுக்கு வந்த தபால் சார். என் வீட்ல போட்டுட்டுப் போறாரு" என்றார்.

வெட்கமாக இருந்தது. எப்போதும் இப்படித்தான். நான் தட்டை உடைத்தாலும் திட்டு மாஸ்டருக்கு. மாப்பிள்ளையைத் திட்டக் கூடாதாம்.

மார்ச் 6, வெள்ளி

கிளாசிக்கோ என்றால் பழசு இல்லை. அந்த ஒயின் முதன்முதலில் உண்டான மலைப்பகுதியில் விளைந்தது என்று அர்த்தம். ரிசெர்வா என்றால்தான் கூடுதல் காலம் ஊறியது. இதைத் தமிழில் வேண்டாம், ஏதாவது ஒரு மனுஷ பாஷையில் லேபிளில் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

மார்ச் 8, ஞாயிறு

மாமா ஒயினுக்கு வேறு ஆள் பார்க்கிறாராம். என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்னு அப்பா கேக்கறார். முன்னாடி நாற்காலில உக்காந்து வர்றவங்களை வாங்கன்னு சொன்னாப் போதுமாம்."

வாங்க என்று சொல்ல ஒரு பொம்மை வாங்கி வைக்கலாமே! எனக்கு வந்த கோபத்தில் மடித்து வைத்ததை எல்லாம் கலைத்துவிட்டேன். ஓசிச் சோறு தின்கிற ஆளாக அங்கே உட்கார என்னால் முடியாது. இந்த வேலையும் என் கையை விட்டுப் போனால் நான் அந்த வாசலை மிதிக்கப் போவதில்லை. அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அவள் அசரவில்லை. "பாலிசிக்குப் பின்னாடி இருக்கற பொடி எழுத்தையே பதினைஞ்சு வருஷம் படிச்சவரு. இது முடியாதா? முதல்ல இந்தத் துணியை மடிங்க."

மடித்தேன்.

மார்ச் 11, புதன்

அப்பாடா! ஒருவழியாக ஓர் ஒழுங்கு அகப்பட்டது. அரசாங்கமே தரம் பிரித்திருக்கிறது. பாட்டில் கழுத்தில் எண் போட்ட காகிதப் பட்டை ஒட்டியிருந்தால் டி.ஓ.சி.ஜி., அதுதான் உச்சம். அதற்குக் கீழே டி.ஓ.சி. அதற்கும் கீழே ஐ.ஜி.டி. கடைசியில் வெறும் ஒயின். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே?

மத்தியானம் முழுக்க அலமாரியை மாற்றி அடுக்கினேன். உச்சம் மேல்தட்டில், ஐ.ஜி.டி. எல்லாம் கீழ்த்தட்டில். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

எழுதவே கை வரவில்லை.

சாயங்காலம் மாஸ்டர் இறைச்சிக் குழம்புக்குச் சிவப்பு ஒயின் கேட்டார். "நல்லதைக் குடுத்துடாதீங்க சார், அடுப்புல ஊத்தத்தான்." கீழ்த்தட்டில் கைவிட்டு ஐ.ஜி.டி. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு லேபிள். முழுசாக ஊற்றிவிட்டார்.

ராத்திரி எங்கள் வாடிக்கைக்காரர் பல் டாக்டர் நண்பர்களோடு வந்தார். புது கிளினிக் திறந்த சந்தோஷம். மாமா அவருக்காகவே வருஷக்கணக்காக எடுத்து வைத்திருந்த பாட்டிலைத் தேடினார். கறுப்பு லேபிளாம்.

அதைச் செய்தவர் ஊர் விதிக்கு அடங்காமல் வெளிநாட்டுத் திராட்சையை நட்டவராம். அதனால் பெரிய தரம் கொடுக்கவில்லையாம். ஆனால் உலகமே அதை வாங்க அடித்துக்கொள்கிறதாம். கீழ்த்தரம் என்று போட்டுவிட்டு உள்ளே தங்கத்தை ஊற்றி வைத்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாமாவுக்கு முகம் சிவந்தது. வழக்கம்போல மாஸ்டர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அவர் கேட்டாரு, எடுத்துக் குடுத்தது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க!"

மாமா என் பக்கம் திரும்பினார். அப்புறம் பிடித்துக்கொண்டது திட்டு மழை. "அறிவிருக்காய்யா உனக்கு? அடுப்புல ஊத்தற பாட்டிலா அது? தெரியலன்னா கேக்க மாட்டியா? வாய் எதுக்கு இருக்கு? நிக்கறான் பாரு மரம் மாதிரி! போ, போய் டாக்டருக்கு வேற பாட்டில் எடுத்துக் குடு!"

பரோலோ ரிசெர்வாவை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர், "இது என்ன திராட்சை?" என்றார். நெப்பியோலோ என்றேன், லேபிளில் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். குழம்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பின்னே, கேட்க மாட்டார்களா?

மார்ச் 15, ஞாயிறு

உடம்பெல்லாம் அடி வாங்கியது போல இருக்கிறது. அவளிடம் சொன்னேன். "அப்பா உங்களையா திட்டினார்?" என்று இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே போய்விட்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 17, செவ்வாய்

ஒயின் வேலை கேட்டு ஒருவர் வந்திருந்தார். கோட்டு, டை எல்லாம் போட்டு, கையில் சான்றிதழ் வேறு. நான் அலமாரிக்கு முன்னால் முட்டி போட்டு, கீழ்த்தட்டுப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா அவருக்குக் காபி கொடுத்தார். "சிரமத்துக்கு மன்னிக்கணும் தம்பி. வேலைக்கு ஆள் இருக்கு" என்று வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார்.

என் பக்கம் திரும்பினார். "அங்க என்ன வேடிக்கை? அஞ்சு மணிக்குக் கூட்டம் வந்துரும். கிளாஸ் எல்லாம் யார் துடைப்பா?"

துடைத்தேன்.