நீ கேட்டபோது நான் சிரித்த சிரிப்பு

நேற்று மாலை அடுப்படியில் நின்று, மருந்துக்கடையில் வாங்கி வந்த தூளைத் தண்ணீரில் கலக்கினேன். பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்து. எலுமிச்சை வாசனை சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் உவர்ப்பு நெடி மேலே வந்துவிடுகிறது. அது மூக்கில் பட்டதும் கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே அடுப்படியில் உனக்குக் கலக்கிக் கொடுத்தேன். உன் வாடகை வீட்டில் நான்கு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை என்பதால் இங்கே வந்திருந்தாய். நேற்றுக் கலக்கியது உன் தம்பிக்கு.

மைசூர் ஹெப்பாள் தொழிற்சாலையில் பதினாறு வருடம் நாம் அடுத்தடுத்த மேஜையில் நின்று பெட்டி கட்டினோம். கம்பெனி பஸ்ஸிலும் ஒரே சீட். நீ கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். நான் இங்கேயே பிறந்தவள். "மேரி, உன் தமிழு சர்ச்சுக்குள்ள மட்டுந்தான் நல்லாருக்குது. வெளிய வந்தா பாதி கன்னடம்" என்று கேலி செய்வாய்.

நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குக் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்த வருடம் ஆளுக்கொரு சின்னக் குழாய் கொடுத்தார்கள். உள்ளே ஒரு குச்சி. அதில் மலத்தைக் கொஞ்சம் தொட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருந்தாலும் சோதனையில் தெரிந்துவிடும் என்று நர்ஸ் விளக்கினார். நம் பிரிவில் அவற்றை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் நீ என் காதருகே குனிந்தாய்.

"ஏம்புள்ள, கொஞ்ச நாளா ரத்தம் போகுது. இதக் குடுத்துரட்டுமா?"

"மூலமா இருக்கும். பிரசவத்தப்போ எனக்கும் இருந்துச்சு, தானா போயிடுச்சு. இதெல்லாம் யாராவது பஸ்ல தூக்கிட்டு வருவாங்களா?" என்று சொல்லிச் சிரித்தேன்.

நீயும் சிரித்தாய். "அதுஞ்செரி. களியும் கீரையும் திங்கிற உடம்பு, எனக்கென்ன வரப்போகுது" என்றாய். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. பட்டியலில் உன் பெயருக்கு எதிரே 'விருப்பமில்லை' என்று எழுதினேன். என் பெயருக்கும் அதையே எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நீ மூலத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாய். பஸ் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்று யாரோ இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று கேட்ட முதல் டாக்டரிடம் நீ போய்ச் சேர்ந்தபோது, குடலில் தொடங்கிய புற்று ஈரல்வரை போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், தலைமுடி எல்லாம் கொட்டியிருந்த சமயம், சாதாரணமாகச் சொன்னாய்: "அன்னிக்கு அதக் கொண்டாந்திருந்தேன் மேரி. பைக்குள்ளதான் இருந்துச்சு. நீ சிரிச்சதும் வெக்கமாப் போச்சு. எறங்குற எடத்துல குப்பையில போட்டுட்டேன்."

உன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். "விடு புள்ள, நீ என்ன டாக்டரா" என்றாய். பிறகு உன் தம்பியைப் பற்றிப் பேசினாய். கூடப் பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவன் எம் பேச்சக் கேக்க மாட்டான். நீதான் கூட்டிட்டுப் போகோணும்."

நீ போன பிறகு மூன்று முறை கொள்ளேகால் போனேன். முதல் இரண்டு முறையும், "எனக்கு ஒண்ணுமில்லீங்கக்கா, நல்லாத்தான இருக்கறேன்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டான். மூன்றாவது முறை அந்த பஸ் பேச்சு முழுவதையும் அவனிடம் சொன்னேன். உன் வீட்டார் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை. எழுந்து போகச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் "எந்தக் கெழமை வரோணும்?" என்று மட்டும் கேட்டான்.

இன்று காலை கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலின் உள்சுவரில் இரண்டு சின்ன சதை வளர்ச்சிகள். அங்கேயே எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் சில வருடங்களில் புற்றாக மாறியிருக்கலாம் என்றார் டாக்டர். பீடியை விடச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார். காய்கறி, கீரை நல்லதுதான், ஆனால் அதை நம்பிப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது என்றார். மூன்று வருடம் கழித்து மறுபடி வர வேண்டும்.

கூட வந்திருந்த அவன் மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தபோது என்னிடம் கேட்டான்: "அக்காளுக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துருக்குமாங்க?"

"இருந்திருக்கும்."

"அன்னிக்கே குடுத்துருந்தா பொழைச்சிருக்குமா?"

"தெரியலப்பா" என்றேன். அதுதான் உண்மை. அப்போதே முற்றியிருந்ததோ என்னவோ. உறுதியாகத் தெரிந்தால் ஒரு பக்கமாக உட்கார்ந்து அழுது தீர்த்திருப்பேன். தெரியாததால்தான் தீரவில்லை.

இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு நடந்து வந்தேன். உன் தம்பி தப்பித்தான் என்ற நிம்மதி வந்தது. கூடவே உன் நினைப்பும் வந்தது. எனக்குப் பரிசோதனை அடுத்த வாரம். போகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், அந்த வார்த்தையை எப்படிக் கேட்டுக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.