நாற்காலி மட்டும் இருந்த படங்கள்

போடிநாயக்கனூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பேச்சிக்கு,

சந்திரவல்லி எழுதுகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடுகிறாயா?

"வருசா வருசம் பிள்ளைகள வரிசையா நிப்பாட்டிட்டு, போட்டோ எடுக்கிறப்ப நீ மட்டும் எங்கடி ஓடிப்போற?" என்று ஒருமுறை கேட்டாயே, நினைவிருக்கிறதா? வரிசை கோணாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொன்னேன். பொய். முகத்தில் படர்ந்த வெண்புள்ளிகளுக்குப் பயந்துதான் ஓடினேன். ஏலக்காய் தரம் பிரிக்கும்போது புள்ளிக் காயைத் தனியே தள்ளுவார்களே, அப்படி ஓய்வு பெறும்வரை நானே என்னைத் தள்ளி வைத்திருந்தேன்.

நம் பள்ளி நூற்றாண்டு விழாவுக்குப் பழைய ஆசிரியர்களின் படங்களை மாட்டுகிறார்கள். பள்ளியில் என் படம் ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் இருந்த படத்தோடு ஸ்டுடியோ முத்துப்பாண்டியிடம் போனேன். "வெள்ளையெல்லாம் எடுத்துட்டு ஒரே கலராக்கிட்டேன் டீச்சர்" என்று கம்ப்யூட்டரில் காட்டினான். "நல்லாருக்குப்பா. யாரு இந்தம்மா?" என்று கேட்டேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் நாற்காலி போட்டேன். கைப்பிடிச் சுவரில் செம்பை வைத்து, அதில் செல்போனைச் சாய்த்து, பத்து விநாடி டைமர் வைத்தேன். முதல் நான்கு படங்களிலும் நாற்காலி மட்டும்தான். பின்னால் போடிமெட்டு மலை, மேகம், எல்லாம் இருக்கிறது. நான் இல்லை. பழைய பழக்கம், எண்ணிக்கை முடியும்போது கால் தானாக விலகிவிடுகிறது. ஐந்தாவது முறை இரண்டு கையாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வந்துவிட்டேன், பேச்சி! கன்னத்து வெள்ளை, உதட்டோரத்து வெள்ளை, எல்லாவற்றோடும். முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி தெரு முழுக்கக் காட்டினேன்.

நேற்று அதை மாட்டினார்கள். நம்மிடம் படித்த காளீஸ்வரி, ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் இறங்கியவள், நேரே பள்ளிக்கு வந்தாள். அவள் விரல்களிலும் இப்போது வெள்ளை. வெகுநேரம் பார்த்தாள். "டீச்சர், ஒங்க படத்துக்குப் பக்கத்துல நின்னு நானும் ஒண்ணு எடுத்துக்கிறேன்" என்றாள். அந்தக் கையை மறைக்காமல் கன்னத்தில் வைத்து, தன்னைத் தானே எடுத்துக்கொண்டாள்.

என் படத்துக்கு அடுத்த ஆணி உனக்கு அடித்தது. உன் பெயரும் ஒட்டியாகிவிட்டது. உன் மகள் பவதாரணி போனில் சொன்னாள்: "வாய் கோணினதுல இருந்து அம்மா கண்ணாடிகூடப் பாக்கிறதில்ல. பழைய படமும் மாட்ட வேணாம், விழாவுக்கும் வரலன்னுட்டாங்க." அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி விழாவில் உட்காருவேன்?

நாளைக் காலை ஜன்னலோரம் நாற்காலி போடு. எதிரே போனைச் சாய்த்து வை. பத்து எண்ணி முடிகிறவரை நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

உன்,
சந்திரவல்லி