பள்ளத்தில் வெள்ளையாகத் தெரிந்த பட்டை

நாள் 41, 08:10
இந்தக் குறிப்பேட்டைப் படிப்பவருக்கு வணக்கம். நான் பாடம் நடத்திய பள்ளியில் லூர்துமேரி என்ற மாணவி ஒருமுறை கேட்டாள்: "போர்டுல பாதி வெயில், பாதி நிழல். நிழல்ல எழுதினதும் எப்படி சார் வெள்ளையாவே தெரியுது?" நிழலில் உள்ள சாக்பீஸ் எழுத்து தரும் ஒளி, வெயில் பட்ட கரும்பலகை தருவதைவிட அதிகமில்லை. ஆனால் கண் ஒளியை அளப்பதில்லை. சேர்ந்து தெரிபவற்றை ஒரு கூட்டமாக்கி, அதில் பளிச்சென்று இருப்பதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. இதைக் கணினிக்குக் கற்றுத்தரவே ஓய்வுக்குப் பின் நிலவுக்கு வந்தேன். ஆறாயிரம் படங்கள், ஒவ்வொன்றுக்கும் என் கண் சொன்னதே விடை. இன்று என் தவறுகளைக்கூட அது அப்படியே செய்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

நாள் 42, 10:05
இங்கே எனக்கு ஒரே துணை, பாறை ஆய்வாளர் ஜெசிந்தா. இருட்டுப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறாள். காற்றுமானி பழுது. முதுகுக் குடுவையில் ஒரு பட்டை உண்டு: வெள்ளை என்றால் காற்று இருக்கிறது, கறுத்தால் உடனே திரும்ப வேண்டும். அவளால் அதைப் பார்க்க முடியாது. அவள் பின்னால் போகும் ஆளில்லா வண்டி, விளக்கடித்து நிலையத்தில் இருக்கும் எனக்குப் படம் அனுப்புகிறது.
"வாத்தியாரே, பட்டை எப்படி?"
"வெள்ளைம்மா."
"பரீட்சை பேப்பர் மாதிரி புரட்டிட்டுப் போயிடாதீங்க. என் உயிரு."
கணினியைக் கேட்டேன். வெள்ளை.
"ரெண்டு பேரும் பாத்துட்டோம்."

11:20
"தலை சுத்துது சார். ஏறி வந்துடவா?"
வெள்ளைதான். கணினிக்கும் வெள்ளை.
"குனிஞ்சே வேலை பாத்தா சுத்தத்தான் செய்யும். கொஞ்சம் உட்காரும்மா."
உட்கார்ந்தாள்.

11:52
பதில் இல்லை. தோளைத் தட்டி எழுப்ப வண்டியின் கையை நீட்டினேன். வெள்ளை வண்ணம் பூசிய கை. அது அருகில் வந்ததும் பட்டை கறுப்பாகத் தெரிந்தது. கையை விலக்கினேன். வெள்ளை. மீண்டும் நீட்டினேன். கறுப்பு.
பட்டை எப்போதோ கறுத்துவிட்டது. உடையெல்லாம் அதைவிடக் கரிய தூசி, சுற்றிலும் இருட்டு. விளக்கொளியில் அந்தக் கூட்டத்தில் அதுதான் பளிச்; அதனால் கறுப்பே வெள்ளையாகத் தெரிந்தது.
கணினியை இரண்டாவது சாட்சி என்று நம்பினேன். அது நானேதான்.

நாள் 47
போய்ப் பார்த்தேன். அவள் உடலைப் பள்ளத்தின் சரிவில் ஏற்ற என்னால் முடியவில்லை. வண்டி அவள் அருகிலேயே நிற்கிறது. மணிக்கொரு முறை கணினி சொல்கிறது: "ஜெசிந்தா. பட்டை வெள்ளை. காற்று உள்ளது." நிறுத்த மனம் வரவில்லை. சில நேரம் நம்பியும்விடுகிறேன்.

நாள் 49
மறுபடி அவளிடம் போகிறேன்; திரும்பி வராமலும் போகலாம். இந்தக் கணினி உங்கள் பட்டையையும் வெள்ளை என்றே சொல்லும். உங்கள் கண்ணும் ஆமாம் என்னும். பட்டையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள்.